ஜனவரிக்கு வைத்திருந்த பிளேட்

கப்பல் ஏறாமலே வெளிநாடு போய் வந்தவன் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் திருவிதாங்கூர் ராஜ்யம். அங்கே காசு வேறு, தபால்தலை வேறு, ராஜாவும் வேறு. சுங்கச் சாவடியில் ஒரு சேவகர் என் மரப்பெட்டியைத் தட்டிப் பார்த்து, "புகையிலை உண்டுமா?" என்று கேட்டார். "இல்லை, கண்ணாடி" என்றேன். கண்ணாடியைக் கடத்தி வரும் அளவுக்கு முட்டாளை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. பரிதாபப்பட்டு விட்டுவிட்டார்.

சென்னையில் ஒரு காலண்டர் கம்பெனிக்குப் படம் பிடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. முதலாளிக்கு லட்சுமியும் சரஸ்வதியும் அச்சடித்து அலுத்துப் போய், அந்த வருஷம் கடல் மேல் ஆசை வந்துவிட்டது. "மாசத்துக்கு ஒண்ணா பன்னிரண்டு கடல் படம். ஜனவரிக்குக் கன்னியாகுமரியிலே சூரிய உதயம். மனுஷன் மட்டும் வேண்டாம்" என்றார்.

"ஏன்?"

"மனுஷன் இருந்தா என்ன ஜாதின்னு பார்ப்பான். கடலுக்கு அந்தத் தொல்லை கிடையாது."

பதினெட்டுக் கண்ணாடி பிளேட் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பன்னிரண்டு படத்துக்கு, ஆறு கைப்பிசகுக்கு. கைப்பிசகுக்கு அவசியம் ஏற்படவில்லை. பஸ்ஸின் கூரையில் என் பெட்டிக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பலாப்பழம் வைத்திருந்தார்கள். தோவாளைக்குப் பக்கத்தில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது பழம் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. நாகர்கோவிலில் இறக்கிப் பார்த்தால் ஆறு பிளேட் தூள். பழக்காரர் பதறிப்போய் ஓடிவந்து, பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் எனக்கும் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகப் பன்னிரண்டு பிளேட், பன்னிரண்டு மாசம். இனி ஒரு பிசகு செய்தால் ஒரு மாசம் குறையும்.

முதல் நாள் சாப்பாட்டில் எல்லாவற்றிலும் தேங்காய் இருந்தது. குழம்பில், கூட்டில், துவையலில். தேங்காய் இல்லாத ஒரே பதார்த்தம் தண்ணீர் என்று நினைத்துக் குடித்தால் அது சுக்குப் போட்ட வெந்நீர். அரிசி சிவப்பு, ஒவ்வொன்றும் முத்து முத்தாய்த் தொண்டையில் தனித்தனியே இறங்கியது. இரண்டாம் நாள் பழகிவிட்டது. மூன்றாம் நாள் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பேச்சுத்தான் உடனே பழகவில்லை. எங்கள் ஊரில் வாக்கியம் நேராகப் போய் முடியும். இங்கே ஏறி இறங்கி, கடைசியில் ஒரு இழுப்போடு நிற்கும். பஸ்ஸில் இரண்டு பேர் ஒரு கல்யாணத்தைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டு வருகிறார்கள் என்று அரைமணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது வரப்புத் தகராறு. ஆனால் ழகரத்தை இவ்வளவு சுத்தமாகச் சொல்லிச் சண்டை போடுகிறவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மணக்குடியில் காயல், குளச்சலில் பாறை, முட்டத்தில் கலங்கரை விளக்கு என்று காலண்டருக்கு ஒவ்வொரு மாசமாகப் பிடித்துக்கொண்டு போனேன். சென்னைக் கடற்கரையில் கடல் நம்மை மதித்துத் தள்ளி நிற்கும். இங்கே வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது. படம் பிடிக்கிறவனுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை, ஏனென்றால் எதுவும் ஒரு நிமிஷம் சும்மா இருப்பதில்லை. அலை அசைகிறது, தென்னை அசைகிறது, ஆடு அசைகிறது. என் தொழில் முழுக்க "அசையாமல் இருங்கள்" என்ற ஒரே வார்த்தையில் நடப்பது. அந்த வார்த்தைக்கு இந்தக் கரையில் செல்வாக்கே இல்லை.

முட்டத்தில் கரைமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் அரை வட்டமாக வலையை விரித்துவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையிலிருந்து ஐம்பது அறுபது பேர் சேர்ந்து இழுப்பது கரைமடி. முதலாளி மனுஷன் வேண்டாம் என்று சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் அவ்வளவு முதுகுகள் ஒன்றாக வளைவதைப் பார்த்தபிறகு விடமுடியவில்லை. முகம் தெரியாவிட்டால் ஜாதி தெரியாது என்று சமாதானம் செய்துகொண்டு காமிரா ஸ்டாண்டை நட்டேன்.

"கொஞ்சம் அப்படியே நில்லுங்கள்!" என்று கத்தினேன்.

முன்னால் இழுத்துக்கொண்டிருந்தவர் திரும்பியே பார்க்கவில்லை. "நாங்க நிப்போம். மீனு நிக்குமா?" என்றார். "சும்மா நிக்காம கயித்தப் பிடியும் ஓய்."

பிடித்தேன். முக்கால் மணி நேரம் இழுத்தேன். மடி கரை ஏறியதும் மீனைக் கூறு வைத்தார்கள். கயிற்றில் கை வைத்தவனுக்கு ஒரு பங்கு உண்டு என்பது அங்கே சட்டம். வேண்டாம் என்று சொல்வது அவமரியாதை. எனக்கும் ஒரு கூறு சாளை வந்தது. வாங்கிக்கொள்ள என்னிடம் கூடை இல்லை. தலையில் போர்த்திக்கொண்டு படம் பிடிக்கிற கறுப்புத் துணியை விரித்துக் காட்ட, ஒரு அம்மாள் அதிலேயே கொட்டிவிட்டாள். மீனைத் தங்கின வீட்டில் கொடுத்துவிட்டேன். துணியை நாலு தடவை துவைத்தேன். அன்றிலிருந்து ஊர் திரும்புகிற வரை ஈக்கள் என்னோடுதான் பயணம் செய்தன.

மறுநாள் பாறையில் ஏறி பத்தாவது படத்தைப் பிடித்துவிட்டு இறங்கும்போது சிப்பி குத்திப் பாதம் கிழிந்தது. நெய்யூர் ஆசுபத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் காலை ஊன்றக்கூடாது என்றார்கள். மிச்சமிருந்தது இரண்டே பிளேட். ஒன்றில் கடியப்பட்டணத்து மீன்பிடி வள்ளங்கள், மற்றதில் ஜனவரி. தாவீது என்பவருடைய மாட்டு வண்டியை அமர்த்திக்கொண்டு, வைக்கோலில் காலை நீட்டிப் படுத்து, ஸ்டாண்டின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்திப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடியப்பட்டணத்துக்குப் புறப்பட்டேன்.

தாவீது ரொம்பச் சுருக்கமாகப் பேசுகிறவர். வழியில் யார் "எங்கேருந்து?" என்று கேட்டாலும் "ஆசுபத்திரியில இருந்து" என்பார். "வண்டியில யாரு?" என்றால் "படக்காரரு." அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. இரண்டும் உண்மை.

ஊர் எல்லையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். தலைக்கட்டை அவிழ்த்தார்கள். சில பேர் சிலுவை போட்டுக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தார்கள். வேதக் கோயிலை நெருங்குவதற்குள் ஐம்பது பேருக்குக் குறையாது. கலைக்கு இப்படி ஒரு மரியாதை சென்னையில் கிடைக்காது என்று நினைத்து, படுத்திருந்தபடியே கும்பிட்டேன். யாரும் திருப்பிக் கும்பிடவில்லை.

கோயில் உபதேசியார் வேகமாக வந்தார். என்னைப் பார்த்தார், கறுப்புத் துணியைப் பார்த்தார், அதன்மேல் மொய்த்த ஈக்களைப் பார்த்தார். தணிந்த குரலில், "சவம் பின்னால வருதா?" என்று கேட்டார்.

"என்ன சவம்?"

"சவரிமுத்துக்க சவம்."

சவரிமுத்து யார் என்று எனக்குத் தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. நெய்யூர் ஆசுபத்திரியிலிருந்து படக்காரர் வருகிறார்; ஆசுபத்திரியில் இந்த ஊர் ஆள் சவரிமுத்து ஒருவர்தான் கிடக்கிறார்; பிறகு என்ன? கடைசியில் விளக்கமாகச் சொன்னார். "இங்க படக்காரரு ரெண்டுக்குத்தான் வருவாரு. ஒண்ணு பிஷப்பு வரணும், இல்லன்னா யாராவது சாவணும். பிஷப்பு போன வருஷமே வந்துட்டுப் போயிட்டாரு."

பெட்டி மூடுவதற்கு முன் செத்தவரை நடுவில் வைத்துக் குடும்பமே சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது அந்தக் கரையில் வழக்கம். உயிரோடு இருக்கும்போது படத்துக்கு என்ன அவசரம்? ஆள்தான் எதிரிலேயே இருக்கிறாரே. நான் கடலைப் பிடிக்க வந்தவன் என்று சொன்னதும் கூட்டத்தில் ஒருவர், "கடலு செத்துப் போச்சா?" என்று கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்குள் ஒரு வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. உபதேசியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "பெத்துக் கெடக்கவளுக்கு எவனோ போய்ச் சொல்லிட்டான்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு போனேன்.

சவரிமுத்துவின் பெண்சாதி பெயர் லூர்தம்மை. பெண் குழந்தை பிறந்து ஆறு நாள். ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தாள். நான் வாசலுக்கு வெளியே நின்று நடந்ததைச் சொன்னேன். உபதேசியாரும் சத்தியம் செய்தார். அழுகை நின்றது. ஆனால் அவள் முகத்தில் நிம்மதி வரவில்லை.

"நேத்து வரைக்கும் இவிய எல்லாரும் நல்லா இருக்காருன்னுதான் சொன்னாவ" என்றாள். "பெத்துக் கெடக்கவகிட்ட சாவு சொல்ல மாட்டாவ. எனக்க மூத்தவன் பெறந்தப்ப எனக்க அண்ணன் காய்ச்சல்ல போயிட்டான். கொச்சிக்குப் போயிருக்கான்னு நாப்பது நாளு சொன்னாவ. நாப்பத்தோராம் நாளு குளிப்பாட்டி, கல்லறைக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனாவ."

மறுக்க முடியாது, அது அந்த ஊர் வழக்கம். பிள்ளை பெற்றவளிடம் கெட்ட சேதி சொன்னால் பால் வற்றிவிடும் என்பார்கள். அவர் ஆசுபத்திரிக்குப் போன இந்த நாலு நாளாய் எல்லாரும் நல்ல சேதியே சொல்லிக்கொண்டிருக்க, லூர்தம்மை கஞ்சியைத் தொடவில்லை, பால் சரியாக இறங்கவில்லை, குழந்தை கத்திக்கொண்டிருந்தது. நாத்தனார் திரேசம்மை சீனித் தண்ணியைத் துணியில் நனைத்து அதன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சென்னையில் இரண்டு பெண் குழந்தைகள். மற்ற அழுகை வேறு, பசி அழுகை வேறு என்று தெரியும். இது பசி அழுகை.

சவரிமுத்துவின் தொடையில் திருக்கை மீனின் முள் குத்தி, சீழ் பிடித்து, கிழித்துக் கட்டியிருந்தார்கள். அவ்வளவுதான் யாருக்கும் தெரியும்.

"அவர் கைநாட்டு வாங்கி வரட்டுமா?" என்றேன்.

"செத்தவனுக்கும் பெருவெரலு இருக்கும்லா."

"அப்படியானால் ஒரு படம் எடுத்து வருகிறேன்."

"எனக்க மாமனாரு செத்தப்பவும் படம் எடுத்தாவ. கசேரியில உக்கார வச்சு, கண்ணத் தொறந்து வச்சு. நான்தான் பக்கத்துல நின்னு விசிறியால ஈ ஓட்டுனேன். எடுக்கப்ப மட்டும் விசிறிய நிப்பாட்டுன்னு சொன்னாரு படக்காரரு. படத்துல பாத்தா மனுசன் உசிரோட இருந்தத விட நல்லா இருக்காரு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, எடுத்துட்டு வாங்க. பாத்தா எனக்குத் தெரியும்" என்றாள்.

"சிரிக்கச் சொல்லி எடுக்கிறேன்."

"சிரிக்க மாட்டாரு. கல்யாணத்தன்னைக்கே சிரிக்கல."

வள்ளங்களைப் படம் பிடிக்காமலே வண்டியைத் திருப்பச் சொன்னேன். ஒரு மாசம் போனால் போகட்டும், ஜனவரி பத்திரமாக இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். "எங்கே?" என்று கேட்டவர்களுக்குத் தாவீது "ஆசுபத்திரிக்கு" என்றார். இந்தத் தடவை அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதட்டி, "நோயாளி சுகம்" என்பதையும் சேர்த்துச் சொல்ல வைத்தேன்.

மறுநாள் காலையில் வார்டுக்குப் போனேன். சவரிமுத்து நல்ல கறுப்பு, நல்ல உயரம், கட்டிலுக்கு வெளியே அரை அடி நீண்டு கிடந்தார். என்னையும் ஸ்டாண்டையும் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "படம் எடுக்கதுக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"செத்துப்போகவில்லை என்று காட்டத்தான்" என்றேன்.

லூர்தம்மை சாப்பிடாமல் கிடப்பதைச் சொன்னேன். பெண் பிறந்த சேதி அவருக்குத் தெரிந்திருந்தது. "பால் இல்லியா?" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். "என்ன செய்யணும்?" என்றார்.

"அசையாமல் இருக்க வேண்டும்."

நர்ஸம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிவந்து தலை வாரிவிட்டார், வெள்ளைத் துணியைக் கழுத்து வரை இழுத்துவிட்டார், இரண்டு கைகளையும் மார்பின் மேல் மடித்து வைத்தார். ஜன்னல் வெளிச்சம் பட்டும் படாமலும் இருந்தது. லென்ஸ் மூடியைத் திறந்து ஆறு எண்ண வேண்டும். எண்ணினேன். சவரிமுத்து மாதிரி அசையாதவரை என் பதினைந்து வருஷ சர்வீஸில் பார்த்ததில்லை. இமைகூடத் துடிக்கவில்லை. மூடியைப் போட்டு நிமிர்ந்தபோது, வேறு யாரையோ பார்க்க வந்த ஒரு பெரியவர் கட்டிலருகே நின்று, தலைக்கட்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "எப்ப போச்சு?" என்று கேட்டார்.

ஒரு பிளேட்தான் மிச்சம். ஜனவரி. கன்னியாகுமரிச் சூரியன். முதலாளியின் முகம் கண்முன் வந்தது. பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். கொடுத்த வாக்குக்கு ஒரு படம் எடுத்தாகிவிட்டது. ஆனால் அந்தப் படத்தை அவள் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மனசுக்குள் முதலாளியையும், பலாப்பழத்தையும், பலாப்பழத்தைக் கூரையில் ஏற்றினவரையும் திட்டிக்கொண்டே ஜனவரியைக் காமிராவுக்குள் செருகினேன்.

வெள்ளைத் துணியை எடுக்கச் சொன்னேன். தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்து, கையைப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். "இதுதான் கடைசி. தயவுசெய்து அசையாதீர்கள்." கறுப்புத் துணியை உதறித் தலையில் போர்த்தி, பார்த்துவிட்டு எடுத்தேன். மூடியைத் திறந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

துணியை உதறியபோது கிளம்பிய ஈ ஒன்று வார்டைச் சுற்றிவிட்டு வந்து சவரிமுத்துவின் மூக்கில் உட்கார்ந்தது. நாலு எண்ணுவதற்குள் அவருடைய வலது கை எழும்பி, முகத்துக்கு முன்னால் ஒரு வீசு வீசிவிட்டு இறங்கியது.

"அசையாதீர்கள் என்று சொன்னேனே!" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

"மூக்குல ஈ இருந்தா என்ன செய்ய?" என்றார் அவர், நியாயமாக.

தங்கியிருந்த அறையில் ஜன்னலைக் கம்பளியால் அடைத்து இரண்டு பிளேட்டையும் கழுவினேன். முதலாவது அற்புதம். சென்னை ஸ்டூடியோக்களில் கண்ணாடி போட்டு மாட்டலாம். இரண்டாவதில் ஒரு பக்கக் கண்ணும் நெற்றியும் சரியாக இருந்தன. மூக்கிலிருந்து காது வரை ஒரு தீற்றல். கை இருக்க வேண்டிய இடத்தில் கை இல்லை. தொழில் பழகுகிறவன் இப்படி எடுத்தால் காதைத் திருகியிருப்பேன். இருந்தாலும் இரண்டையும் வெயிலில் காகிதத்தில் பிரதி போட்டு எடுத்துக்கொண்டு மறுநாள் கடியப்பட்டணம் போனேன்.

வாசலில் ஊர் கூடிவிட்டது. குழந்தையின் சத்தம் முந்தின தடவையைவிட மெலிந்திருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

நல்ல படத்தை முதலில் கொடுத்தேன். திரேசம்மை அதை வாங்கித் தட்டிக்கு அந்தப் பக்கம் நீட்டினாள். லூர்தம்மை ரொம்ப நேரம் பார்த்தாள். மார்பில் கைகளை மடித்து வைத்திருந்த இடத்தை விரலால் தடவினாள். பிறகு திரும்பக் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். உபதேசியார் என்னைப் பார்த்த பார்வையில், கல்லறைக்கு இடம் பார்க்கலாமா என்று கேட்பது போலிருந்தது.

"இன்னொன்று இருக்கிறது" என்றேன். "கெட்டுப்போனது. மன்னிக்க வேண்டும். அவர் அசைந்துவிட்டார்."

அதையும் வாங்கினாள். வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

"இது என்னது, வெள்ளையா?"

"அது அவர் கை. மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஓட்டிவிட்டார்."

அவள் படத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். அந்தத் தீற்றலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"சவத்துக்கு நாமல்லா ஈ ஓட்டணும்" என்றாள். "இவரு அவரே ஓட்டியிருக்காரு."

படத்தைப் பாயின் தலைமாட்டில் நிறுத்தி வைத்துவிட்டு, குழந்தைக்காகக் கை நீட்டினாள்.

"ஏட்டி திரேசம்மை, கஞ்சி இருந்தா எடு. பசிக்கி."